நான்கு தரம் மருந்தடித்தும் கரட் ஏன் மஞ்சளாகிறது, கிழங்கில் ஏன் நார்வேர் விழுகிறது?

வணக்கம். உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ரொறன்ரோவுக்கு வடக்கே ஓர் ஏக்கர் காணியைக் குத்தகைக்கு எடுத்து மரக்கறி செய்கிறீர்கள். இரண்டாவது வருடமாகக் கரட் பழுதாகிறது. யூலை நடுப்பகுதியில் நடுக்குருத்து வெளிறி மஞ்சளாகிறது, வெளி இலைகள் சிவப்பும் ஊதாவுமாக மாறுகின்றன. பிடுங்கிப் பார்த்தால் கிழங்கு மெலிந்து, சுற்றிவர நார்வேர் பிடித்து, வாயில் வைத்தால் கசக்கிறது. தத்தித் திரியும் சிறு பச்சைப் பூச்சிகளைக் கண்டு, கடையில் தந்த மருந்தைக் கிழமைக்கு ஒன்றாக நான்கு தரம் அடித்திருக்கிறீர்கள். பூச்சி குறைந்தது, மஞ்சள் குறையவில்லை. "இதைவிடக் கடுமையான மருந்து எது?" என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். என் காதில் விழும் கேள்வி இதுதான்: பூச்சி செத்தது, நோய் ஏன் சாகவில்லை? அதற்குப் பதில் தெரிந்தால் மருந்தின் பெயர் இரண்டாம்பட்சமாகிவிடும்.

நான் பேராதனையில் விவசாயம் படித்தவன். இங்கே வந்தபிறகு ஹொலண்ட் மார்ஷ் பக்கத்துக் கரட், வெங்காய வயல்களில் பல வருடம் பூச்சிக் கண்காணிப்பு வேலை செய்தேன். 400ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே போகிறவர்கள் இரண்டு பக்கமும் கறுத்த மண் விரிந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதுதான் இடம். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: நீங்கள் எழுதிய மூன்று குறிகளும், அதாவது நடுவில் மஞ்சள், கிழங்கில் நார்வேர், கசப்பு, ஒரே செடியில் சேர்ந்து வந்தால் அது பெரும்பாலும் அஸ்ரர் மஞ்சள் நோய். ஆனால் இலை சிவப்பதை மட்டும் வைத்து அப்படிச் சொல்லிவிட முடியாது. தண்ணீர் தேங்கினாலும் கரட் இலை சிவக்கும், வேரைப் புழு தின்றாலும் சிவக்கும், வைரசு பிடித்தாலும் சிவக்கும். ஆகவே இன்றைக்கே நாலு செடியைப் பிடுங்கி, இலையும் கிழங்கும் சேரும் கொண்டைப் பகுதியைக் கவனியுங்கள். அஸ்ரர் மஞ்சள் என்றால் அந்த இடத்தில் நூல் போன்ற மெல்லிய இளந்தண்டுகள் விளக்குமாறு போலக் கூட்டமாக முளைத்து நிற்கும். நார்வேர்கள் மண்ணை இறுகப் பிடித்திருக்கும், உதறினாலும் விழாது; தாடி வளர்ந்ததுபோல இருக்கும். முற்றும் உறுதியாகத் தெரிய வேண்டும் என்றால் குவெல்ப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுகூடத்துக்குச் செடியை வேரோடு அனுப்பலாம். படத்தைப் பார்த்து அந்த உறுதியை என்னால் தர முடியாது.

இனி நோயின் கதை. இதை உண்டாக்குவது பைற்றோபிளாஸ்மா என்ற கிருமி. கலச்சுவர் இல்லாத ஒருவகைப் பற்றீரியா அது. செடியில், இலையில் உருவாகும் சீனியைக் கீழே கொண்டுபோகும் உரியக் குழாய்க்குள்தான் அது வாழும்; செடிக்கும் அதைக் காவும் பூச்சிக்கும் வெளியே உயிர்தரிக்காது. நம்மவர்களுக்கு இந்த இனம் புதிதல்ல. ஊரில் எள்ளுச் செடி பூவுக்குப் பதிலாகப் பச்சைத் தளிராகக் குவிந்து நிற்பதையும், கத்தரி காய்க்காமல் சின்னஞ்சிறு இலையாகத் தழைத்துப் போவதையும் கண்டிருப்பீர்கள். இரண்டுமே பைற்றோபிளாஸ்மாவின் வேலை. இலங்கையின் தெற்கே வெலிகமப் பக்கத்தில் தென்னைகளை வாடவைத்த நோயும் இதே இனம். அஸ்ரர் மஞ்சளை இலைத்தத்தி என்ற சாறு உறிஞ்சும் சிறு பூச்சி பரப்புகிறது என்று 1926இல் குங்கெல் என்ற அமெரிக்க ஆய்வாளர் நிறுவினார். ஆனால் கிருமியைக் கண்ணால் பார்க்க முடியாததால் நாற்பது வருடமாக எல்லோரும் அதை வைரசு என்றே நம்பியிருந்தார்கள். 1967இல் யப்பானிய ஆய்வாளர்கள் நோய்ப்பட்ட செடிகளின் உரியத்தை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது.

நீங்கள் கண்ட அந்தப் பச்சைப் பூச்சி அஸ்ரர் இலைத்தத்தியாக இருக்கலாம். கிட்டத்தட்ட 4 மில்லிமீற்றர் நீளம், குறுணல் அரிசி அளவு. ஒலிவ் பச்சை உடல், தலையில் மூன்று சோடியாக ஆறு கரும்புள்ளிகள். இலையைத் தொட்டால் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் ஓடும், பிறகு தெறித்துப் பாயும். நோயுள்ள செடியில் சில மணி நேரம் சாறு உறிஞ்சும்போது கிருமி அதன் வயிற்றுக்குப் போகிறது. உடனே அதனால் நோயைப் பரப்ப முடியாது. கிருமி வயிற்றிலிருந்து உடல் முழுவதும் பெருகி உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்து சேர இரண்டு மூன்று கிழமை ஆகும். வந்து சேர்ந்துவிட்டால் அந்தத் தத்தி சாகும்வரை போய் உட்காரும் செடிகளுக்கெல்லாம் கிருமியைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஒரு நல்ல செய்தி, அது தன் முட்டை வழியாகக் குஞ்சுகளுக்குக் கிருமியைக் கொடுப்பதில்லை. இன்னொன்று, நோய் விதை வழியாகவும் வராது. விதை விற்றவரிலும் உங்களுக்குச் சந்தேகம் என்று எழுதியிருந்தீர்கள். இந்த விடயத்தில் அவரில் பிழை இல்லை.

இப்போது நாள்களைப் பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். தத்தி குத்திய நாளிலிருந்து கரட்டில் மஞ்சள் தெரிய ஏறக்குறைய ஒரு மாதம் எடுக்கும். நீங்கள் மஞ்சளைக் கண்டது யூலை நடுப்பகுதி. அப்படியென்றால் நோய் உள்ளே போனது யூன் நடுப்பகுதியில். உங்கள் முதல் மருந்து விழுந்தபோது வேலை முடிந்து ஒரு மாதமாகிவிட்டது. பிறகு அடித்த மூன்றும் அப்படியே. நீங்கள் கொன்றவை தத்திகள்தான், ஆனால் உங்கள் கரட்டைக் கெடுத்த தத்திகள் அவையல்ல. செடிக்குள் போன கிருமியை வெளியே எடுக்கப் பூச்சிமருந்தால் முடியாது. ரெற்றாசைக்கிளின் என்ற நுண்ணுயிர்கொல்லி அதை அடக்கி வைக்கும், ஆனால் ஒழிக்காது; சாப்பிடும் கரட்டுக்கு அதைக் கொடுக்கிற பேச்சுக்கே இடமில்லை. இன்றைக்கு மஞ்சளாக நிற்கும் செடிகளுக்குச் செய்ய ஒன்றுமில்லை என்பதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். இரண்டு வருட உழைப்பு என்று நீங்கள் எழுதிய வரியை நான் இரண்டு தரம் வாசித்தேன்.

இதே பிழையை நானும் செய்திருக்கிறேன். வேலைக்கு வந்த இரண்டாவது கோடையில், யூன் முதல் கிழமை பலத்த தெற்குக் காற்று வீசியது. பூச்சி பிடிக்கும் வீச்சு வலையைப் பயிர் மேல் வீசிப் பார்த்தபோது தத்திகள் கொஞ்சம் இருந்தன, பயிரோ மூன்று இலைப் பருவத்தில் பச்சைப்பசேல் என்று நின்றது. "அடுத்த கிழமை பார்ப்போம்" என்று விவசாயியிடம் சொன்னேன். ஒரு மாதம் கழித்து அந்த வயலின் மேற்கு ஓரத்தில் நாங்கள் இரண்டு பேரும் குந்தியிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கினோம். கையில் வந்ததெல்லாம் கறுத்த மண் அப்பிய தாடிக் கரட். அவர் ஒரு சொல் பேசவில்லை. அன்றிலிருந்து கரட் வயலில் நான் முதலில் இலையின் நிறத்தைப் பார்ப்பதில்லை, வலையைத்தான் எடுப்பேன்.

தெற்குக் காற்று என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. இந்தத் தத்திகளில் ஒரு பங்கு இங்கேயே மாரிப் பயிர்த் தானியங்களில் முட்டையாகக் குளிரைக் கடத்தும். பெரும்பங்கு வசந்த காலத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலிருந்து காற்றோடு வரும். வரும்போதே சில, கிருமியை உடலில் ஏந்திக்கொண்டு வரும். ஆகவே கரட்டை இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு மாற்றி நடுவது இந்த நோய்க்கு உதவாது. அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் இதற்கென்றே ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். வலையை 100 தரம் வீசிப் பிடிபட்ட தத்திகளின் எண்ணிக்கையை, அவற்றில் எத்தனை சதவீதம் கிருமி காவுகின்றன என்பதால் பெருக்க வேண்டும். வரும் எண், எளிதில் நோய் பிடிக்கும் கரட் வகைக்கு 50, நடுத்தர வகைக்கு 75, தாங்கும் வகைக்கு 100 ஆனால்தான் மருந்து. 25 தத்தி, அதில் 2 சதவீதம் என்றால் 50. கிருமிச் சதவீதத்தைச் சோதிக்க ஆய்வுகூடம் வேண்டும். உங்களைப் போன்றவர்களுக்காக நான் 2.5 என்று வைத்துக்கொள்வேன். அந்தக் கணக்கில் 100 வீச்சுக்கு 20 தத்தி வந்தால் யோசிக்க வேண்டிய நேரம். இது என் மனக்கணக்கு, சட்டமல்ல. கிருமி அதிகமாக வரும் வருடத்தில் 10 தத்தியே கேடு செய்யும். பக்கத்தில் லெற்றூஸ் வைத்திருந்தால் இன்னும் கவனம், அது கரட்டைவிட மிக எளிதில் விழும்.

மருந்து அடிக்கத்தான் வேண்டும் என்றால், கனடாவில் கரட்டுக்கும் இலைத்தத்திக்கும் பதிவான மருந்தா என்று போத்தலின் லேபலில் பாருங்கள். அறுவடைக்கு முன் எத்தனை நாள் விட வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கும். பெரும்பாலான விவசாய மருந்துகளை வாங்கவும் அடிக்கவும் ஒன்ராறியோவில் பயிற்சிச் சான்றிதழ் தேவை. அது இல்லாமல் யாராவது ஊற்றித் தந்தால் வாங்காதீர்கள். பயிர் இளசாக இருக்கும் முதல் இரண்டு மாதம்தான் காப்பு அவசியம். அறுவடைக்கு ஒரு மாதம் இருக்கும்போது புதிதாகத் தத்தி குத்தினாலும், குறி தெரியும் முன்னரே கிழங்கு உங்கள் பெட்டிக்குள் போய்விடும். அந்த நேரத்தில் அடிக்கும் மருந்து வீண் செலவு. அதோடு தோட்டத்தில் உங்களுக்காக வேலை செய்யும் பொறிவண்டுகளும் சாகும்; பொறிவண்டு போனால் அது தின்னும் அழுக்கணவன் என்ற சாறு உறிஞ்சும் சிறு பூச்சி பெருகும்.

ஓர் ஏக்கர் தோட்டத்துக்கு நான் மருந்தைவிட நம்புவது பாத்தியைப் போர்த்தும் வலையை. ஒரு மில்லிமீற்றருக்கும் சிறிய கண் உள்ள பூச்சி வலையை விதைத்த அன்றே பாத்திக்கு மேல் வளையம் வைத்துப் போர்த்தி, ஓரத்தை மண்ணால் மூடிவிடுங்கள். கரட் கிழங்குக்குப் பூவும் வேண்டாம், தேனீயும் வேண்டாம். ஆகவே களை எடுக்கும் நேரம் தவிர வலை கிடக்கலாம். தத்தி வந்து இறங்கியபிறகு போர்த்தினால், உள்ளே அகப்பட்டதை நீங்களே பாதுகாத்து வளர்ப்பதாகிவிடும். முழுக் காணிக்கும் வலை வாங்கக் காசு போதாது என்றால், மிக முந்தி விதைத்த பாத்திகளுக்காவது போடுங்கள். மற்றப் பாத்திகளில் வரிசைகளுக்கு இடையே வெளிர்நிற வைக்கோலைப் பரப்பலாம். நிலத்திலிருந்து தெறிக்கும் ஒளியில் தத்திகள் இறங்கத் தயங்கும். இலை வளர்ந்து வைக்கோலை மூடியதும் அந்தப் பலன் போய்விடும். அந்த முதல் கிழமைகள்தானே நமக்கு முக்கியம்.

களை விடயத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இந்தக் கிருமி 300க்கும் மேற்பட்ட செடி வகைகளில் வாழும். டண்டிலயன், நீலப் பூப் பூக்கும் சிக்கரி, வீதியோரம் வெள்ளைக் குடை விரித்து நிற்கும் காட்டுக் கரட் இவையெல்லாம் பனிக்காலத்தைக் கடந்து அடுத்த வருடத்துக்குக் கிருமியைச் சேமித்து வைப்பவை. வேலியோரத்தை ஏப்ரல் கடைசி, மே தொடக்கத்திலேயே துப்புரவாக்குங்கள். யூன் மாதத்தில் கரட் இளசாக நிற்கும்போது ஓரத்துப் புல்லை வெட்ட வேண்டாம். புல் விழுந்தால் அதில் இருந்த தத்திகள் அத்தனையும் எழும்பிப் பக்கத்தில் பச்சையாக நிற்கும் உங்கள் கரட்டில்தான் இறங்கும். பக்கத்துக் காணிக்காரர் தானியமோ வைக்கோலுக்கான புல்லோ வெட்டும் நாளைக் கேட்டு வைத்துக்கொள்வதும் நல்லது.

நோய்ப்பட்ட செடியைப் பிடுங்க வேண்டுமா என்று கேட்டீர்கள். ஏக்கர் கணக்கான வயலில் அதனால் பெரிய பலன் கிடைக்கும் என்று நான் வாதிட மாட்டேன், ஏனென்றால் நோயின் பெரும்பங்கு வெளியே இருந்து வருவது. உங்கள் அளவுக்குப் பிடுங்குவதுதான் சரி. நோயுள்ள செடியில் தத்திகள் அதிகம் முட்டையிட்டுப் பெருகுகின்றன என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன: கிருமி சுரக்கும் புரதம் ஒன்று, செடி பூச்சியை எதிர்க்கும் ஆற்றலையே மழுங்கடித்துவிடுகிறது. அப்படிப்பட்ட செடியை நிற்கவிட எனக்கு மனம் வராது. பிடுங்கிய கரட்டைச் சாப்பிட்டால் மனிதருக்கு ஒரு தீங்கும் இல்லை, கசப்பதுதான் குறை. ஆனால் நல்ல கரட்டோடு சேர்த்துக் களஞ்சியத்தில் வைக்காதீர்கள், அவை விரைவில் அழுகும்.

நீங்கள் பிடுங்கிப் பார்க்கும்போது நார்வேர் இல்லாமல் கிழங்கில் குடைந்த வழிகள் கண்டால், நான் மேலே எழுதியது உங்களுக்குப் பொருந்தாது. கிழங்கின் மேல் மூன்றில் ஒரு பங்கில் அகலமான குடைவு இருந்தால் அது கரட் மூக்குவண்டின் புழு. கீழ்ப் பாதியில் துருநிறமாக வளைந்து வளைந்து போனால் கரட் ஈயின் புழு. இரண்டும் இந்த மஞ்சள் நோயைப் பரப்புவதில்லை, குடைந்த புண் வழியே அழுகல் வரும் என்பது வேறு. மூக்குவண்டு பறப்பது மிகக் குறைவு, பெரும்பாலும் நடந்தே வரும். அதனால் போன வருடம் கரட், பார்ஸ்லி இருந்த இடத்திலிருந்து தூரத்தில் விதைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். மேலே சொன்ன இடம் மாற்றும் யோசனை இந்த வண்டுக்கு நன்றாகவே வேலை செய்யும். கரட் ஈக்குச் செம்மஞ்சள் நிற ஒட்டும் அட்டை வைத்துக் கண்காணிப்பார்கள்; அது வேலியோர நிழலில் தங்குவதால் காற்றோட்டமான திறந்த இடத்தில் விதைப்பது உதவும். பூச்சி வலை இந்த இரண்டையும் சேர்த்துத் தடுக்கும், போன வருடத்துக் கரட் நிலத்திலேயே போர்த்தாமல் இருந்தால்.

அழுக்கணவன் பரப்பும் இன்னொரு நோயும் உண்டு. அதில் இலை சிவந்து மஞ்சளாகிச் செடி குட்டையாகும், கொண்டையில் விளக்குமாறு முளைப்பதில்லை. உண்மையில் அது இரண்டு வைரசுகள் சேர்ந்து செய்யும் வேலை. ஒன்றுக்குச் சொந்தமாக மேலுறை கிடையாது. மற்றதன் உறையைப் போர்த்திக்கொண்டுதான் அழுக்கணவனில் ஏறிப் பயணம் செய்யும். கலிபோர்னியாவிலும் ஐரோப்பாவிலும், கரட் மாரி முழுக்க நிலத்தில் கிடக்கும் இடங்களில்தான் இது அதிகம். பின்லாந்தில் 2010இல் கண்டறிந்த இன்னொரு கரட் நோயை இலைப்பேன் போன்ற வேறொரு சிறு பூச்சி பரப்புகிறது. இணையத்தில் தேடும்போது அந்தப் படங்களும் கலந்து வரும், உங்கள் கரட்டைப் பார்ப்பதுபோலவே இருக்கும், குழம்பிவிடாதீர்கள். எதுவாக இருந்தாலும் அறுவடைக்குப் பிறகு ஒரு கரட்டைக்கூட நிலத்தில் விட்டுப் பனிக்காலத்தைக் கடத்தாதீர்கள்.

இந்த வருடத்துக்கு: மஞ்சளானதைப் பிடுங்குங்கள், மருந்தை நிறுத்துங்கள், மிச்சச் செடிகளை வளரவிடுங்கள். அடுத்த வருடத்துக்கு ஒரு வீச்சு வலையும் பத்து மஞ்சள் ஒட்டும் அட்டையும் வாங்கி வையுங்கள். மே கடைசிக் கிழமை அட்டைகளைக் கரட் இலையின் உயரத்துக்கு ஊன்றி, கிழமைக்கு இரண்டு நாள் காலையில் பனி காய்ந்தபின் வலையை வீசி எண்ணுங்கள். முதல் தத்தி ஒட்டிய திகதி, எண்ணிக்கை, காற்றுத் திசை மூன்றையும் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு இங்கே வந்து கேளுங்கள். அடிப்பதா வேண்டாமா என்று அப்போது இலக்கத்தைப் பார்த்துச் சேர்ந்தே முடிவெடுக்கலாம். அதற்கு முன், நாளைக்குப் பிடுங்கும் செடிகளின் கொண்டைப் பகுதியைக் கழுவி, வெளிச்சத்தில் கிட்ட வைத்து எடுத்த படம் ஒன்றை மறக்காமல் போடுங்கள்.